ஏசியா, அடுப்பா, ஸ்கூட்டரா, மாடியா? வீட்டு கார்பனைக் குறைக்க முதலில் எதில் கைவைப்பது

"ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும் என்று இருக்கிறது, எதில் தொடங்குவது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நான்கு பேச்சுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள். மாடியில் சோலார் போடு என்கிறது ஒரு விளம்பரம். மின் ஸ்கூட்டருக்கு மாறு என்கிறது இன்னொன்று. ஒரு மைத்துனர் வந்து, "கேஸே எதுக்கு, இண்டக்‌ஷன் வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பிளாஸ்டிக் பையைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள்.

பையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். துணிப்பை எடுத்துப்போவது குப்பைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் மிக நல்லது, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வீட்டு கார்பன் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாத அளவு. சார்ஜரை பிளக்கிலிருந்து பிடுங்கி வைப்பதும் அப்படித்தான். கணக்கில் பெரிதாக நிற்பவை குளிர், காற்று, சமையல், பயணம், சாப்பாடு. அவற்றில் கையில் இருக்கும் பணமும் வீட்டாரின் பொறுமையும் ஒன்றிரண்டுக்குத்தான் போதும் என்றால் எதைத் தேர்வது என்பதே இங்கே பேச்சு. தமிழ்நாட்டு வீட்டை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நம் மின்கட்டண முறையும் வெயிலும் வேறு ஊர்க் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள விடாது.

## எதை வைத்து அளப்பது

நான்கு கேள்விகள் போதும்.

ஆண்டுக்கு எத்தனை கிலோ குறையும்? இதற்கு மூன்று எண்கள் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு (மத்திய மின்சார ஆணையத்தின் நாடு தழுவிய சராசரி இதைச் சற்றே தாண்டும்). ஒரு லிட்டர் பெட்ரோல் 2.3 கிலோ. 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஒன்று எரிந்து முடிந்தால் சுமார் 42 கிலோ. "முப்பந்தலில் அவ்வளவு காற்றாலை சுற்றுகிறதே, நம் மின்சாரம் சுத்தமானது இல்லையா?" என்று கேட்கலாம். 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில மின்கட்டமைப்பு வடக்கோடு இணைக்கப்பட்டதிலிருந்து நாடு முழுக்க ஒரே கட்டமைப்புதான். நாம் ஒரு யூனிட் குறைத்தால் எங்கோ ஓர் அனல் நிலையத்தில் நிலக்கரி குறைகிறது. ஆகவே நாட்டுச் சராசரியைப் பிடித்துக்கொள்வதே நேர்மை.

பணம் எவ்வளவு போகும், எவ்வளவு திரும்பும்? இங்கேதான் நம் ஊர்க் கணக்கு தனி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் அறிவித்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு 201 முதல் 400 வரை யூனிட்டுக்கு 4.70 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் மொத்தப் பட்டியலும் மாறி, 501க்கு மேல் 8 ரூபாய்க்கு மேல், 601க்கு மேல் 9 ரூபாய்க்கு மேல் என்று ஏறும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர், 501 என்றால் 2,000க்கு மேல் கட்ட வேண்டும். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 200 ரூபாய்க்கு மேல்! அதனால் ஒரே மாற்றம் ஒரு வீட்டுக்கு இரண்டு வருடத்தில் பணத்தைத் திருப்பித் தரும், பக்கத்து வீட்டுக்கு ஒருபோதும் தராது.

வீடு சொந்தமா, வாடகையா? கழற்றி எடுத்துப்போக முடிவதும் முடியாததும் வேறு வேறு முடிவுகள்.

வேலை யார் தலையில் விழும்? இதை யாரும் கேட்பதில்லை. "பழக்கத்தை மாற்றுவோம்" என்று சொல்லும் அறிவுரைகளில் பாதி சமையலறையில் போய் முடிகின்றன. வீட்டுத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை எடுத்த தீர்மானத்துக்கு வீட்டுப் பெண்கள் தினமும் அரை மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும் என்றால், அது நியாயமும் இல்லை, நிலைக்கவும் நிலைக்காது.

## ஒரே பார்வையில்

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன்: நான்கு பேர், ஆண்டில் 150 இரவு எட்டு மணி நேரம் ஓடும் பழைய 1.5 டன் ஏசி ஒன்று, ஆண்டில் 330 நாள், நாளுக்கு 12 மணி நேரம் சுற்றும் மின்விசிறி மூன்று, ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர், எட்டு சிலிண்டர். இந்த வீட்டில் ஏசி சுமார் 840 கிலோ, மின்விசிறிகள் 620, ஸ்கூட்டர் 510, அடுப்பு 335. விலைகள் தோராயம்.

| மாற்றம் | ஆண்டுக்குக் குறைவது | கைச்செலவு | வாடகை வீட்டில் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஏசியை 22இலிருந்து 26க்கு ஏற்றுவது | 200 கிலோ | இல்லை | முடியும் | வீட்டுக்குள் ரிமோட் சண்டை |
| பழைய ஏசிக்குப் பதில் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் | 280 கிலோ | 40,000க்கு மேல் | முடியும் | பழைய ஏசியின் கேஸ் |
| மூன்று பிஎல்டிசி (குறைந்த மின்சாரம் இழுக்கும் மோட்டார் வகை) மின்விசிறி | 370 கிலோ | 9,000 – 10,000 | கழற்றிக்கொள்ளலாம் | உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போனால் ரிப்பேர் |
| முழுக்க இண்டக்‌ஷன் | குறையாது, 400 கிலோவுக்கு மேல் கூடும் | 3,000 + பாத்திரம் | முடியும் | கட்டணப் படி (ஸ்லாப்) ஏறுவது |
| கேஸைச் சிக்கனமாக எரிப்பது | 60 கிலோ | அனேகமாக இல்லை | முடியும் | சமைப்பவரின் கவனம் |
| மின் ஸ்கூட்டர் | 260 கிலோ | 1 லட்சத்துக்கு மேல் | சார்ஜ் செய்ய இடம் வேண்டும் | பேட்டரி |
| 3 கிலோவாட் சோலார் | 2,900 கிலோ | மானியம் போக சுமார் 1.2 லட்சம் | முடியாது | நிழல், கரண்ட் கட், இன்வெர்ட்டர் |
| வாரம் அரைக் கிலோ மட்டனைக் கோழியாக்குவது | 450 கிலோ | மிச்சம்தான் | முடியும் | ஞாயிறு விருந்தாளிகள் |

அட்டவணையைப் பார்த்தவுடன் சோலார்தான் என்று முடிவுகட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

## ஏசி

கார்பன். ஒரு டிகிரி கூட்டினால் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது எரிசக்தி சிக்கன வாரியத்தின் கணக்கு. இதை வைத்துத்தான் 2020 ஜனவரி 1 முதல் விற்கும் ஸ்டார் முத்திரை ஏசிகள் எல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. அதை 20க்கு இறக்கிவிட்டு, விடியற்காலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது நம் தனித்திறமை. 26இல் வைத்து, கூடவே மின்விசிறியை இரண்டில் ஓடவிட்டால், பெரும்பாலான உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. நம் மாதிரி வீட்டில் இதனால் 290 யூனிட் மிச்சம், அதாவது 200 கிலோ.

பணம். ஏசி ஓடும் வீடு கோடையில் 500ஐத் தாண்டும் வீடு. ஆகவே இந்த யூனிட்டுகள் 8, 9 ரூபாய்க்கு மேற்பட்ட விலையில் மிச்சமாகின்றன. ஆண்டுக்கு 2,500 ரூபாய் பக்கம் வரும்.

மறைந்திருப்பது. ஏசியின் பெரிய கார்பன் கரண்ட் பில்லில் தெரிவதே இல்லை. அது குழாய்க்குள் இருக்கிறது. பழைய ஏசிகளில் ஆர்-22 என்ற வாயு. அது ஒரு கிலோ காற்றில் கலந்தால் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அடுத்து வந்த ஆர்-410ஏ இன்னும் மோசம், கிலோவுக்கு 2,088. இப்போது பரவலாக விற்கும் ஆர்-32க்கு 675. ஒரு 1.5 டன் ஏசிக்குள் ஏறக்குறைய ஒரு கிலோ வாயு இருக்கும். ஆர்-410ஏ ஏசி ஒன்றைக் கழற்றும்போது வாயுவை அப்படியே 'புஸ்' என்று வெளியே விட்டால், 26 டிகிரியில் வைத்துப் பத்து ஆண்டு சேமித்தது அரை நிமிடத்தில் போய்விடும்.

அதனால் ஏசி வைத்திருப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம் மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் சொல்வது. வீடு மாறும்போது, "பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழட்டுங்க" என்று சொல்லுங்கள். வாயுவை வெளியே உள்ள யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடிவிட்டுப் பிறகு குழாயைக் கழற்றுவார். சில நிமிட வேலைதான். இரண்டாவது, வருடா வருடம் கேஸ் அடிக்க வேண்டியிருந்தால், "முதலில் எங்கே கசிகிறது என்று பார்த்து அடைத்துவிட்டு அடியுங்கள்" என்பது. வாயு தானாகத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அடிக்கும் புது வாயுவும் அதே வழியில்தான் போகும்.

இதே காரணத்தால், நன்றாக ஓடும் பழைய ஏசியை கார்பனுக்காக மட்டும் எக்ஸ்சேஞ்சில் தள்ளுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புது ஏசி ஆண்டுக்கு 280 கிலோ மிச்சம் பிடிக்கும். பழைய ஆர்-22 வாயு காற்றில் போனால் அந்த நஷ்டத்தை ஈடுகட்டவே ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். அது ஓய்ந்துபோன பிறகு வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள், லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அளவுகோலைச் சில ஆண்டுக்கு ஒருமுறை இறுக்குவதால், போன தலைமுறை 5 ஸ்டாரும் இன்றைய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. வாயு விஷயத்தில் ஆர்-290 என்னும் புரொப்பேன் வகை மிகக் குறைந்த கெடுதல் உள்ளது. கோத்ரெஜ் 2012லேயே இதில் ஏசி கொண்டுவந்தது. எரியக்கூடிய வாயு என்பதால் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் பயிற்சி உள்ளவர் கையில்தான் இருக்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது. ஏசி உள்ள எல்லோருக்கும், வாடகையோ சொந்தமோ. மேல்தளத்தில் இருப்பவர்கள் மட்டும் இதற்கு முன்னால் மொட்டை மாடியைக் கவனிக்கலாம். வெயிலில் பழுத்த கான்கிரீட் இரவு முழுக்க அறைக்குள் சூட்டை இறக்கும். சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்தால் அது குறையும். பழைய வீடுகளில் செங்கல், சுண்ணாம்புச் சுர்க்கித் தளம் போட்டுத் தட்டை ஓடு பதித்தது சும்மா இல்லை.

## மின்விசிறி

கார்பன். சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் 75 வாட். பிஎல்டிசி 30 வாட் பக்கம். ஆண்டில் 330 நாள், நாளுக்கு 12 மணி நேரம் என்றால் ஒன்றுக்கு ஆண்டுக்கு 180 யூனிட் மிச்சம், 125 கிலோ. ஏசி இல்லாத வீட்டில் இதுதான் மின்சாரப் பக்கத்தில் செய்யக்கூடிய பெரிய காரியம். எப்போதும் இரண்டாம் நம்பரிலேயே வைக்கிற வீடு என்றால் மிச்சம் குறையும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஏற்கெனவே குறைந்த வேகத்தில் குறைவாகத்தான் இழுக்கிறது.

பணம். இங்கே கட்டணப் படி முழு விளையாட்டும் காட்டும். 500ஐத் தாண்டும் வீட்டில் ஒரு மின்விசிறி இரண்டு ஆண்டில் தன் விலையைத் திருப்பும். 300 யூனிட் வீட்டில் நான்கு ஆண்டு. 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது, ஏனென்றால் அவர்கள் கட்டுவதே பூஜ்யம். அந்த வீட்டில் கார்பனும் ஏற்கெனவே குறைவுதான். அவர்களிடம் போய் மின்விசிறியை மாற்றச் சொல்வது தேவையில்லாத வேலை.

மறைந்திருப்பது. பழைய மின்விசிறி நின்றால் தெருமுனைக் கடையில் கண்டென்சர் மாற்றுவார்கள், காயில் கட்டித் தருவார்கள். பிஎல்டிசியில் கோளாறு வந்தால் பெரும்பாலும் போர்டு. அது அந்தக் கம்பெனிக்காரரிடம்தான் கிடைக்கும். உத்தரவாதக் காலம் நீளமாக உள்ளதை, ஊரில் சர்வீஸ் ஆள் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அதிகம் ஓடும் கூடத்து மின்விசிறியும் படுக்கையறை மின்விசிறியும் போதும். விருந்தினர் அறையில் மாதத்துக்கு நான்கு மணி நேரம் ஓடுவதை அப்படியே விட்டுவிடலாம்.

## அடுப்பு: கேஸா, இண்டக்‌ஷனா?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் தவறான பக்கம் சாய்கிறார்கள், மின்சாரம் என்றாலே பசுமை என்ற எண்ணத்தில்.

கார்பன். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது, மீதி பக்கவாட்டில் அடுப்படியைச் சூடாக்குகிறது. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை உள்ளே போகும். ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை முடிக்க இண்டக்‌ஷனுக்கு 140 யூனிட் பக்கம் வேண்டும். 0.7ஆல் பெருக்கினால் 98 கிலோ. சிலிண்டர் எரிந்தால் 42. கேஸைக் கிணற்றிலிருந்து எடுத்து, கப்பலில் ஏற்றி, நிரப்பிக் கொண்டுவரும் செலவைச் சேர்த்தாலும் 50 பக்கம்தான் வரும். நிலக்கரியை எரித்து, ஆவியாக்கி, கரண்டாக்கி, கம்பியில் அனுப்பி, மறுபடி சூடாக்குவதைவிட நேரடியாகக் கேஸை எரித்துச் சமைப்பது இன்றைக்குக் குறைந்த கெடுதல்.

"எங்கள் வீட்டில் சோலார் இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். அப்போதும் கணக்கு அவ்வளவு சுலபமாக மாறாது. நெட் மீட்டர் (உபரி மின்சாரத்தை வெளியே அனுப்பிப் பில்லில் கழித்துக்கொள்ளும் மீட்டர்) உள்ள வீட்டில், மதியம் நீங்கள் இண்டக்‌ஷனில் செலவழிக்காத யூனிட் கட்டமைப்புக்குப் போய் வேறு எங்கோ நிலக்கரியைத் தடுக்கும். அதை நீங்களே செலவழித்தால் அந்தத் தடுப்பு போய்விடுகிறது. யூனிட்டுக்கு 0.3 கிலோ அளவுக்கு நம் மின்சாரம் சுத்தமாகும்போது இண்டக்‌ஷன் கேஸைத் தோற்கடிக்கும். அது வரும், ஆனால் இன்னும் வரவில்லை.

பணம். 2025 ஏப்ரல் உயர்வின்போது சென்னையில் ஒரு சிலிண்டர் 868.50 ரூபாயாக இருந்தது. அதே சமையலுக்கான 140 யூனிட், 4.70 விலையில் சுமார் 660 ரூபாய். லாபம்தான். ஆனால் இந்த 140 யூனிட்டே உங்களை 500க்கு மேல் தள்ளினால், 8 ரூபாய்க்கு மேற்பட்ட கணக்கில் 1,200 ரூபாய் பக்கம் ஆகிவிடும்.

யாருக்கு எது. கார்பன்தான் காரணம் என்றால் இப்போதைக்குக் கேஸிலேயே இருங்கள். இண்டக்‌ஷன் நல்ல முடிவாகும் இடங்கள் வேறு: காற்றோட்டமில்லாத சிறிய சமையலறை, மூச்சுத்திணறல் உள்ளவர்கள், கேஸ் அணைத்தோமா என்று மறந்துபோகும் வயதான தாத்தா பாட்டி தனியாக இருக்கும் வீடு, சிலிண்டர் இணைப்பு எடுக்க முடியாத மாணவர் அறை. விறகில் சமைக்கும் வீட்டுக்கு இரண்டில் எது வந்தாலும் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் விடுதலை. அங்கே கிலோ கணக்குப் பார்க்கவே கூடாது.

கேஸைச் சிக்கனமாக எரிக்கும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கொண்டைக்கடலை, துவரம்பருப்பை ஊறவைப்பது, குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைப்பது, சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளைச் சுத்தம் செய்வது. இவற்றில் அதிகம் பேர் மறந்துபோனது, சோறு கொதித்ததும் இறக்கிச் சூடு காக்கும் பெட்டிக்குள் வைத்துவிடும் முறை. கேரளத்தில் சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் இதை 'சூடாறாப்பெட்டி' என்று வீடு வீடாகப் பரப்பியது. இங்கே தெர்மல் குக்கர் என்று கடையில் கிடைக்கிறது. அரிசியைப் போட்டு, ஒரு கொதி விட்டு, உள்ளே வைத்து மூடினால் மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று விசில் எண்ண வேண்டாம். சமைப்பவருக்கு வேலை குறையும் ஒரே சிக்கன வழி இது என்பதால் எனக்குப் பிடித்ததும் இதுதான். ஆண்டுக்கு ஒன்றரை சிலிண்டர் மிச்சமானாலும் 60 கிலோதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

## ஸ்கூட்டர்

கார்பன். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 51 கிராம். மின் ஸ்கூட்டர், சார்ஜில் போகும் இழப்பையும் சேர்த்து, 25 கிராம். பாதி குறைகிறது. பேட்டரி தயாரிப்பில் வெளியானதை ஈடுகட்ட முதல் ஓர் ஆண்டு ஓட்டம் போய்விடும். அதற்குப் பிறகு வருவது லாபம்.

பணம். கார்பனைவிட இங்கே பணம்தான் பெரிய காரணம். 10,000 கிலோமீட்டருக்கு பெட்ரோல் 22,000 ரூபாய்க்கு மேல். மின்சாரம் உயர்ந்த படியிலேயே கணக்குப் போட்டாலும் 3,000 பக்கம். தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓடுகிறவர், உணவு டெலிவரி செய்கிறவர், கலெக்‌ஷன் வேலைக்குப் போகிறவர் யோசிக்கவே வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் காய்கறி வாங்க மட்டும் எடுக்கும் வண்டியை மாற்றுவதில் இரண்டு லாபமும் இல்லை.

மறைந்திருப்பது. அடுக்குமாடி பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து ஒயர் இழுக்க சங்கம் ஒத்துக்கொள்ளுமா என்று வாங்கும் முன் கேளுங்கள். உத்தரவாதம் முடிந்த பிறகு பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஷோரூமில் எழுதி வாங்குங்கள். இன்னொன்றும் இருக்கிறது. இருக்கும் பெட்ரோல் வண்டியும் அப்படியே நிற்க, இதையும் வாங்கி, இதுவரை பஸ்ஸில் போனவர் இதில் போக ஆரம்பித்தால் கார்பன் கூடும். ஓடப்போகிற பஸ்ஸில் இன்னொருவர் ஏறுவதால் கூடுதலாக எரியும் டீசல் மிகக் குறைவு. சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமும் இல்லை. பஸ் வசதி இருக்கும் தடத்தில் வாரம் மூன்று நாள் ஸ்கூட்டரை நிறுத்தி வைப்பது, மின் ஸ்கூட்டர் வாங்குவதற்கு ஏறக்குறைய சமம், ஒரு லட்சம் செலவில்லாமல்.

## மாடியில் சோலார்

கார்பன். நம் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நான்கு யூனிட் பக்கம் தரும். 3 கிலோவாட் என்றால் ஆண்டுக்கு 4,200 யூனிட், 2,900 கிலோ. நம் மாதிரி வீட்டின் ஏசி, மின்விசிறி, ஸ்கூட்டர், அடுப்பு நான்கையும் கூட்டினாலும் இதைவிடக் குறைவு. கிலோவை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை.

பணம். 2024இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய் மானியம். அது பொருத்திய பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். முழுத்தொகையும், அதாவது 2 லட்சம் பக்கம், முதலில் கையிலிருந்தோ கடனாகவோ போக வேண்டும். இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் வீடு அந்த 2024 கட்டணப்படி 4,700 ரூபாய்க்கு மேல் கட்டுகிறது. சோலார் வந்தால் அதில் பெரும்பகுதி போய்விடும், நாலரை ஐந்து ஆண்டில் முதல் திரும்பும். 300 யூனிட் ஓடும் வீடு கட்டுவது 705 ரூபாய்தான். அவர்கள் 2 கிலோவாட் போட்டாலும் பணம் திரும்பப் பதினைந்து, இருபது ஆண்டு ஆகும். மின்வாரியத்துக்குக் கொடுக்கும் உபரி யூனிட்டுக்கு நாம் வாங்கும் விலை கிடைக்காது என்பதால், தேவைக்கு மேல் பேனல் போட்டு வருமானம் பார்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம்.

மறைந்திருப்பது. மின்வாரிய இணைப்போடு ஓடும் சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. கரண்ட் கட்டுக்காக என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் திகைக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல், பக்கத்துத் தென்னை, அடுத்த வருடம் பக்கத்து மனையில் எழும்பப்போகும் மூன்று மாடி, இவை விளைச்சலைத் தின்னும். உப்பு போர்த் தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் படலம் கட்டும். வடாம் காய வைக்கவும் துணி உலர்த்தவும் மாடி வேண்டும் என்றால் உயரத் தாங்கி போட வேண்டும், செலவு ஏறும். வர்தாவும் கஜாவும் பார்த்த ஊர்களில் அந்தத் தாங்கியின் அடிப்பிடிப்பில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இன்வெர்ட்டரைப் பத்து ஆண்டுக்கு அப்புறம் ஒருமுறை மாற்ற வேண்டிவரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை நம் மனசு. "அதான் சோலார் இருக்கே" என்று ஹாலுக்கும் ஒரு ஏசி வந்துவிடும். பில் பூஜ்யம், கார்பன் மிச்சம் பாதி காலி.

யாருக்கு ஏற்றது. சொந்தத் தனிவீடு, 300 சதுர அடி நிழலில்லாத மாடி, இரண்டு மாத பில் 3,000க்கு மேல். இந்த மூன்றும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அடுக்குமாடியில் மாடி எல்லோருக்கும் பொது என்பதால் தனியாகப் போராடுவதைவிட, லிஃப்ட்டும் மோட்டாரும் ஓடும் பொது இணைப்புக்குச் சங்கமாகச் சேர்ந்து போடுவது எளிது.

## தட்டு

மின்சாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இது மறந்துபோகும். உலகச் சராசரிக் கணக்கில் ஒரு கிலோ ஆட்டிறைச்சி 20 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவுக்குச் சமம். கோழி அதில் கால் பங்கு, பருப்பு அதைவிடக் குறைவு. நம் ஊர் மேய்ச்சல் ஆட்டுக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது, ஆனால் வரிசை மாறாது. வாரா வாரம் மட்டன் எடுக்கும் வீடு, இரண்டு வாரம் கோழி, ஒரு வாரம் மத்தி அல்லது நெத்திலி என்று மாற்றினால் மூன்று பிஎல்டிசி மின்விசிறிக்குச் சமமான மிச்சம் கிடைக்கும், பணமும் கூடவே. மாதம் ஒருமுறை மட்டன் சாப்பிடும் வீட்டுக்கு இங்கே செய்ய ஒன்றுமில்லை. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற குப்பைக் கிடங்குகளுக்குப் போய் மீத்தேனாகும் மிச்சச் சோற்றைக் குறைப்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். அளந்து பொங்குவதுதான் வழி. உரத்தொட்டி அதற்கு அடுத்தது, அதுவும் கிளற ஒரு ஆள் மனமுவந்து முன்வந்தால் மட்டும்.

## உங்கள் வீடு எது?

வாடகை வீடு, ஒரு ஏசி, பில் 500 யூனிட்டைச் சுற்றி: 26 டிகிரி, அதிகம் ஓடும் இரண்டு மின்விசிறி. செலவு 6,000 சொச்சம். கோடையில் 500ஐத் தாண்டாமல் நின்றாலே ஒரு பகுதி திரும்பிவிடும். வீடு மாறும் நாளில் பம்ப் டவுன்.

சொந்த வீடு, இரண்டு ஏசி, பில் 4,000க்கு மேல்: சோலார். ஆனால் முதலில் மின்விசிறியையும் மாடி வெள்ளைப் பூச்சையும் முடித்துவிட்டு, குறைந்த யூனிட்டைப் பார்த்த பிறகு அளவைத் தீர்மானியுங்கள். மூன்று கிலோவாட் கேட்ட வீட்டுக்கு இரண்டு போதும் என்று ஆகலாம்.

ஏசி இல்லை, பில் 200, 300 யூனிட்: உங்கள் மின்சாரம் ஏற்கெனவே சிறியது. தினம் 40 கிலோமீட்டர் வண்டி ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் அடுத்த வண்டி மின்சாரம். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சமையல்.

100 யூனிட்டுக்குள்: யாராவது உங்களுக்குச் சிக்கனம் பற்றி வகுப்பெடுத்தால், அவர் வீட்டு பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்: மேற்கு ஜன்னலுக்கு ஆழமான சன்ஷேட், மாடியில் வெள்ளை ஓடு, மீட்டர் பெட்டியிலிருந்து மாடிக்கும் பார்க்கிங்குக்கும் இப்போதே காலிக் குழாய். சுவரை உடைக்காமல் பின்னால் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.